டான்யூப் கரையிலே

ஜெர்மனி நாட்டின் தென்பகுதியாகிய பவேரியாவில் ஒருவரையொருவர் சந்திக்கும்போது "குரூஸ் காட்" என்று சொல்லி வணங்குவர். 'இறைவன் உம்மை வாழ்த்துவாராக' என்பது அதன் கருத்து. கோவிலுக்கு வருவோர் மட்டும் இப்படிச் சொல்வதில்லை. ரொட்டிக் கடைப் பெண்ணும், பேருந்து ஓட்டுநரும், பல்லாண்டுகளாகக் கோவிற்படி மிதியாதவரும் அவ்வாறே சொல்லுகின்றனர். நாவில் தங்கிவிட்ட இந்த விசுவாசம் நெஞ்சில் எவ்வளவு தங்கியிருக்கிறது என்பது வேறு கேள்வி. ஆனாலும் காலையில் வீட்டைவிட்டு இறங்கியவுடன் முன்பின் அறியாத ஒருவர் இறைவன் பெயரைச் சொல்லி நம்மை எதிர்கொள்வது மனத்துக்கு இதமாகவே இருந்தது.

ரேகன்ஸ்புர்க் என்னும் அப்பழைய நகரத்துக்கு நாம் முதலில் சென்றது 2017-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம். அந்நாட்டுக் குருக்கள் கோடை விடுமுறையில் செல்லும் வாரங்களில் அவர்களது பங்குகளைக் கவனித்துக்கொள்ள நம் நாட்டிலிருந்தும் குருக்கள் செல்லுவது வாசகர்கள் அறிந்ததே. நகரின் ஓரத்திலுள்ள ஒரு பங்கில் ஐந்து வாரம் தங்கினோம். 2023-இல் மறுபடியும் ஒருமுறை வாய்த்தது. காலையில் திருப்பலி, பின்பு நோயாளரைச் சந்தித்தல், அதன்பின் பிற்பகல் பெரும்பாலும் நமக்கே உரியது. ஒரு குடையை எடுத்துக்கொண்டு ஆற்றை நோக்கி நடப்போம். குடை எதற்கென்றால், ரேகன் என்னும் சிற்றாறு இங்கேதான் டான்யூபில் கலக்கிறது. நகரின் பெயர் அவ்வாற்றால் வந்தது. ஆனால் ஜெர்மன் மொழியில் 'ரேகன்' என்ற சொல்லுக்கு மழை என்றும் பொருள் உண்டு. அந்த ஆண்டு வானம் இரண்டாம் பொருளையே நமக்குப் போதித்தது.

கருங்கடலில் சென்று சேரும் டான்யூப் நதி, தன் நெடும் பயணத்தில் வடக்கே மிக உயர்ந்து வளையும் இடம் இந்நகரம். அதனாலேயே உரோமையர் இவ்விடத்தைத் தேர்ந்தனர். மார்க்குஸ் அவுரேலியுஸ் பேரரசன் காலத்தில், கி.பி. 179-இல், ஏறத்தாழ ஆறாயிரம் வீரர் தங்கும் கோட்டையொன்றை எழுப்பினர். அக்கோட்டையின் வடவாயிலை இன்றும் காணலாம். அருங்காட்சியகத்தில் அன்று, தெருவிலேயே காணலாம். பிற்காலத்து வீடுகள் அதன்மேல் ஏறி அமர்ந்துகொண்டன. 1885-இல் சுவரை இடிக்கப் போனபோது உள்ளிருந்து வாயில் வெளிப்பட்டது. இப்போது அது வெள்ளை பூசிய ஒரு சுவரின் நடுவே, பெரிய பெரிய கருமையான கற்களோடு நிற்கிறது. பக்கத்திலே சைக்கிள்களைச் சாத்தி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து எண்ணூறு ஆண்டுப் பழமையும் அன்றாட வாழ்வும் இப்படித் தோளோடு தோள் உரசி நிற்பதுதான் இந்நகரின் இயல்பு.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானிய நகரங்கள் பல சாம்பலாயின. இங்கோ விமானத் தொழிற்சாலை 1943 ஆகஸ்டில் குண்டுக்கு இலக்காயிற்று. 1945 மார்ச்சில் ஓபர்மூன்ஸ்டர் என்னும் பழைய கோவில் தகர்ந்தது. அதன் கோபுரம் மட்டும் தனியே நிற்பதை இன்றும் காணலாம். மற்றப்படி நகரின் நடுக்கால வீதிகள் தப்பின. 2006-இல் பழைய நகர் முழுவதும், எதிர்க்கரையிலுள்ள ஸ்டட்டாம்ஹோஃப் பகுதியும் உலக மரபுச் சின்னமாக ஏற்கப்பட்டன. சில சந்துகளில் இரு கைகளையும் நீட்டினால் இருபுறச் சுவரும் தொடும். வணிகச் செல்வர் தம் பெருமைக்காகக் கட்டிய உயர்ந்த கோபுர வீடுகளும் பல உண்டு. ஒரு சுவர் முழுவதும் கோலியாத்தும் தாவீதும் போரிடும் ஓவியம் தீட்டியிருக்கிறார்கள். பெருமைக்கு எழுப்பிய அக்கோபுரங்களில் இன்று சாதாரணக் குடும்பங்கள் குடியிருந்து துணி உலர்த்துவதைக் கண்டபோது நமக்குச் சிரிப்பு வந்தது.

கல்பாலத்தைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். 1135 முதல் 1146 வரை பதினொரு ஆண்டுகளில் கட்டிய பாலம் அது. 1135-இல் கடும் வறட்சியால் ஆறு வற்றியிருந்தது கட்டுமானத்துக்கு உதவிற்று என்பர். முந்நூறு மீட்டருக்கு மேல் நீளம். பதினாறு வளைவுகள். ஒவ்வொரு தூணைச் சுற்றியும் கல்லால் ஆன சிறு தீவு போன்ற அணை. அவ்வணைகள் ஆற்றை நெருக்குவதால் வளைவுகளுக்கடியில் நீர் சீறிப் பாய்ந்து, அப்பால் சுழிகளாகச் சுழல்கிறது. அக்காலத்துப் படகோட்டிகள் இந்தச் சுழிகளுக்கு அஞ்சினர். 1147-இல் இரண்டாம் சிலுவைப் போருக்குச் சென்ற பிரெஞ்சு மன்னன் ஏழாம் லூயியின் படை இந்நகரில்தான் டான்யூபைக் கடந்தது. அன்றிலிருந்து ஏறத்தாழ எண்ணூறு ஆண்டுக்காலம் இந்நகருக்கு ஆற்றைக் கடக்க இந்த ஒரு பாலமே இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள்!

பாலத்தின் நடுவே ஒரு கூரைமேல் ஒரு கல் மனிதன் அமர்ந்து, கையை நெற்றியில் வைத்துப் பேராலயத்தை நோக்கிக்கொண்டிருக்கிறான். அவனைப் பற்றி ஒரு கதை உண்டு. பாலம் கட்டியவனும் பேராலயம் கட்டியவனும், யார் முந்தி முடிப்பது என்று பந்தயம் வைத்தனராம். பாலத்துக்காரன் அலகையின் உதவியை நாடினான். முதலில் பாலத்தைக் கடக்கும் மூன்று உயிர்களைத் தனக்குத் தரவேண்டும் என்றது அலகை. அவன் ஒரு சேவலையும், கோழியையும், நாயையும் விரட்டிவிட்டு அலகையை ஏமாற்றிவிட்டானாம்! இப்போதைய பேராலயத்தின் வேலையோ பாலம் முடிந்து நூறு ஆண்டுகளுக்குப் பின்னரே தொடங்கியது. ஆகையால் கதை கணக்குக்கு உதவாது. ஆயினும் அங்குள்ள தாய்மார் தம் குழந்தைகளுக்கு அதைச் சொல்லத் தவறுவதில்லை.

1997-இல் தனியார் கார்களுக்கும் 2008-இல் பேருந்துகளுக்கும் இப்பாலத்தை மூடிவிட்டனர். நாம் முதலில் சென்றபோது 2010-இல் தொடங்கிய பழுதுபார்ப்பு வேலை இன்னும் முடியவில்லை. அது 2018-இல் முடிந்தது. 2023-இல் பாலம் முழுவதும் நடப்போருக்கும் சைக்கிளோருக்கும் உரியதாக இருந்தது. மாலை வேளையில் அங்கே நின்று பார்ப்பது ஓர் இன்பம். கீழே ஆற்றிடைத் தீவின் புல்வெளியில் இளைஞர் கூட்டம் கூட்டமாக அமர்ந்திருக்கும். மாணவர் மிகுந்த நகரம் இது. திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ட், யோசேப் ராட்சிங்கர் என்ற பேராசிரியராக 1969 முதல் 1977 வரை இங்குள்ள பல்கலைக்கழகத்திலேதான் இறையியல் கற்பித்தார். அவருடைய பெற்றோரும் தமக்கையும் அடங்கிய கல்லறை நகரின் ஓரத்திலே, சீகெட்ஸ்டார்ஃப் என்னுமிடத்தில் இருக்கிறது. எளிய கல்லறை. நாமும் அங்குச் சென்று செபித்தோம்.

பாலத்தின் அடியிலே, பழைய மதிற்சுவரை ஒட்டினாற்போல் ஒரு சிறு சமையற்கூடம் உண்டு. கரி நெருப்பில் விரல் நீளமுள்ள பன்றியிறைச்சிக் குழல்களை வாட்டி, புளிக்கவைத்த முட்டைக்கோசும் இனிப்பான கடுகுக் குழம்பும் சேர்த்துத் தருகிறார்கள். பாலம் கட்டிய கொத்தர்களுக்கே இங்குச் சோறு வைத்தார்கள் என்பது அவர்கள் பெருமை. இப்போதுள்ள கட்டடம் பதினேழாம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆறு பெருகும்போதெல்லாம் வெள்ளம் முதலில் நுழைவது இவ்வீட்டுக்குள்தான். 2013 ஜூனிலும் 2024 ஜூனிலும் டான்யூப் பெருகி நகரைக் கலங்கவைத்தது. நீர் வடிந்தால் சேற்றை வாரிக் கொட்டிவிட்டு மறுபடியும் அடுப்பை மூட்டுவார்கள். கடுகில் இனிப்பு எதற்கு என்பது மட்டும் நமக்கு விளங்கவில்லை.

பாலத்தைக் கடந்தால் ஸ்டட்டாம்ஹோஃப். இது 1924-இல்தான் நகரோடு சேர்ந்தது. அதற்கு முன் நெடுங்காலம் வேறு ஆட்சிக்குட்பட்ட தனி ஊர். ஆற்றுக்குத் தென்கரை பேரரசனுக்கு மட்டும் கட்டுப்பட்ட சுதந்திர நகரம். வடகரை பவேரிய அரசரின் நாடு. 1542-இல் நகர மன்றம் லூத்தரன் சபையைத் தழுவியது. ஆனால் பேராலயமும் ஆயரும் மூன்று பெரிய மடங்களும் கத்தோலிக்கமாகவே நகரின் நடுவில் நீடித்தன. ஒரே சந்தையில் மீன் வாங்கி, வேறு வேறு கோவிலில் மன்றாடினர். சச்சரவுகள் இல்லாமலில்லை. எனினும் ஒரே மதிலுக்குள் வாழ்ந்தாக வேண்டியிருந்தது. 1663 முதல் 1806 வரை ஜெர்மானியப் பேரரசின் நிலையான மன்றம் இந்நகரின் பழைய நகர்மன்றக் கட்டடத்தில் கூடியதற்கு இந்த இருபாலான நிலையும் ஒரு வசதியாக இருந்திருக்கும் என்று நமக்குத் தோன்றியது.

வடகரையில் புனித கத்தரீன் தருமச்சாலை இருக்கிறது. பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஏழை நோயாளருக்கென்று நிறுவப்பட்டது. அதை நடத்தும் பொறுப்பைப் பேராலயக் குருக்களும் நகர மக்களும் சரிபாதியாக ஏற்றனர். பின்னர் நகர மக்கள் லூத்தரன் சபையினராகிவிட்டபோதும், அந்தப் பொறுப்பு முறியவில்லை. முதியோரைப் பேணும் பணி இன்றும் நடக்கிறது. அதனோடு சேர்ந்த மதுவடிக்கும் சாலையும் இன்றும் நடக்கிறது! ஆற்றங்கரை மரநிழலில் குடும்பத்தோடு அமர்ந்து, வீட்டிலிருந்து கொணர்ந்த ரொட்டியையும் முள்ளங்கியையும் விரித்து, அங்கே வாங்கிய பார்லி மதுவைப் பருகுகிறார்கள். பாட்டியும் பேரனும் ஒரே மேசையில். குடியின் கேட்டைத் தினமும் காணும் நம் ஊர்ப் பங்குக் குருவின் கண்ணுக்கு முதலில் இது உறுத்தவே செய்தது. ஆனால் ஒருவரும் நிலை தவறாததையும், விற்பனையின் பயன் முதியோர் இல்லத்துக்குரிய அறக்கட்டளையைச் சேர்வதையும் கண்டபின் நாம் ஒன்றும் பேசவில்லை. ஆப்பிள் சாறு வாங்கிக் குடித்தோம்.

நிற்க. இந்நகரத்தின் கல்லையும் உணவையும் எழுதவேண்டும் என்று மட்டும் நாம் பேனாவை எடுக்கவில்லை. வேறொன்று உண்டு. அதற்குப் பேராலயத்திலிருந்து தொடங்க வேண்டும்.

புனித பேதுருவின் பேராலயம் 1273-ஐ ஒட்டிக் கட்டத் தொடங்கப்பட்டது. நூறு மீட்டரைத் தாண்டும் அதன் இரட்டைக் கோபுரங்களோ 1869-இல்தான் முடிந்தன. அறுநூறு ஆண்டு வேலை. உள்ளே இருள். அவ்விருளில் நடுக்கால வண்ணக் கண்ணாடிகள் மாணிக்கமும் நீலமுமாய் ஒளிரும். நடுமண்டபத்தில் எதிரெதிரான இரு தூண்களில் கபிரியேல் தூதரும் கன்னி மரியாளும் நிற்கின்றனர். 1280-ஐ ஒட்டிச் செதுக்கிய சிலைகள். தூதர் வாய் நிறையச் சிரிக்கிறார்! நற்செய்தி கொண்டு வருபவன் சிரித்த முகத்தோடு வர வேண்டும் என்பதை அச்சிற்பி அறிந்திருந்தான்.

இப்பேராலயத்தின் சிறுவர் பாடகர் குழு உலகப் புகழ் பெற்றது. 975-இல் ஆயர் புனித உல்ஃப்காங் நிறுவிய பள்ளியைத் தம் தொடக்கமாகக் கொண்டாடுகிறது. 'பேராலயச் சிட்டுக்குருவிகள்' என்று செல்லமாக அழைப்பர். நாம் சென்ற 2017 ஆகஸ்டில் பள்ளி விடுமுறை, பாட்டில்லை. வேறொரு பேச்சு இருந்தது. அதற்கு முந்திய ஜூலை மாதத்தில்தான், 1945 முதல் 1990-களின் தொடக்கம் வரை அப்பள்ளிகளில் 547 சிறுவர்கள் அடியும் வதையும், சிலர் பாலியல் கொடுமையும் அடைந்தனர் என்று ஆய்வறிக்கை வெளியாகியிருந்தது. திருப்பலி முடிந்து கோவில் முற்றத்தில் நிற்போர் தாழ்ந்த குரலில் அதைப் பற்றியே பேசினர். வெளிநாட்டுக் குரு என்று நம்மிடம் அதை ஒருவரும் மறைக்கவில்லை. "நாங்கள் அந்தப் பாட்டைக் கேட்டு அழுதிருக்கிறோம். அந்தப் பிள்ளைகள் அழுததை நாங்கள் கேட்கவில்லை" என்று ஒரு தாய் சொன்னார். நமக்கு மறுமொழி தோன்றவில்லை. 2022 முதல் பெண் பிள்ளைகளையும் அப்பள்ளியில் சேர்த்துக்கொள்ளுகின்றனர். 2023 செப்டம்பரில், புறப்படுமுன் கிடைத்த ஒரு ஞாயிறன்று, பாடகர் குழுவைக் கேட்டோம். அழகிய பாட்டு. ஆனால் அந்தத் தாயின் சொல்லும் அதனோடு சேர்ந்தே ஒலித்தது.

பேராலயத்தின் தென்புற வெளிச்சுவரில் ஒரு தூணில் சிறு சிற்பமொன்று உண்டு. யூதரை ஒரு பன்றியோடு சேர்த்து இழிவுபடுத்தும் நடுக்காலச் சிற்பம். அக்காலத்தில் யூதர் வாழ்ந்த தெருக்களை நோக்கி, அவர்கள் கண்ணில் படுமாறு அதைச் செதுக்கி வைத்தார்கள். திருப்பலி நடந்த கோவிலின் சுவரில்! இப்போது அதனருகே விளக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். சிற்பத்தையே அகற்றிவிட வேண்டும் என்போரும் உண்டு. கண் முன்னே இருந்தால்தான் மறவோம் என்போரும் உண்டு. நமக்கு இரண்டாவது எண்ணமே சரியெனப்படுகிறது. ஆனால் அச்சிற்பம் இழிவுபடுத்துவது நம்மை அல்லவே என்ற தயக்கமும் உடன் எழுகிறது.

அங்கிருந்து சில நிமிட நடையில் நொய்ஃபார்பிளாட்ஸ் என்னும் சதுக்கம். 1519-ஆம் ஆண்டு வரை அது யூதர் குடியிருப்பு. ஜெர்மனியின் மிகப் பழைய யூத சமூகங்களில் ஒன்று அங்கே வாழ்ந்தது. புகழ்பெற்ற மறைநூல் அறிஞர் பலர் இருந்தனர். பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நகரின் வாணிகம் நொடித்தது. மக்கள் கடனில் மூழ்கினர். துன்பத்துக்குக் காரணம் யாரென்று காட்ட ஒருவர் வேண்டியிருந்தது. அப்போது பேராலயப் பிரசங்கியாராக இருந்தவர் பல்த்தசார் ஹூப்மையர் என்னும் குரு. 1516-இல் அப்பொறுப்பை ஏற்றவர், கற்றவர், நாவன்மை மிக்கவர். கேட்போரைக் கவரும் அவர் பேச்சு, வட்டி வாங்கும் யூதரை விரட்டவேண்டும் என்ற பேச்சாயிற்று. ஞாயிறுதோறும் மக்கள் திரண்டனர். பேரரசர் மாக்சிமிலியனின் பாதுகாப்பு மட்டுமே யூதருக்கு அரணாக இருந்தது. 1519 ஜனவரி 12-இல் அவர் இறந்தார். அடுத்த மாதமே நகர மன்றம் யூதர் அனைவரையும் வெளியேறச் சொல்லிவிட்டது. சில நாள் தவணைதான். பிப்ரவரி மாதக் குளிரில் கிழவரும் குழந்தைகளும் ஆற்றைக் கடந்தனர். செபக்கூடத்தை இடித்தார்கள். கல்லறைக் கற்களைப் பெயர்த்து, வெற்றிச் சின்னம் போலத் தம் வீட்டுச் சுவர்களில் பதித்துக்கொண்டார்கள். நகர மன்றத்தின் வெளிக்குழுவில் இருந்த ஓவியர் ஆல்பிரெக்ட் ஆல்ட்டார்ஃபர், இடிபடுமுன் அச்செபக்கூடத்தை அழகுற வரைந்து, கடவுளின் நீதித்தீர்ப்பால் அது வீழ்ந்தது என்ற பொருள்படப் படத்திலேயே எழுதியும் வைத்தார்!

இடிக்கும் வேலையில் அடிபட்ட கொத்தன் ஒருவன் விரைவில் நலமடைந்தான். உடனே புதுமை என்றார்கள். சில வாரங்களுக்குள் அந்த இடத்தில் 'அழகிய மரியா' என்ற பெயரால் மரத்தாலான சிற்றாலயம் எழுந்தது. ஹூப்மையரே அதன் முதற்குரு. திருப்பயணிகள் பல்லாயிரக்கணக்கில் வந்து குவிந்தனர். யூதக் குலத்து மகளாகிய அன்னையின் பெயரை, அவள் குலத்தார் செபித்த இடத்தின் இடிபாட்டின்மேல் வைத்தார்களே என்று எண்ணும்போது நமக்கு நெஞ்சு வலிக்கிறது. அந்தத் திருப்பயணக் கூட்டம் சில ஆண்டுகளில் வற்றிவிட்டது. பின்னர் அங்கே எழுந்த கற்கோவில் 1542-இல் லூத்தரன் சபையின் கோவிலாயிற்று. இன்றும் அப்படியே இருக்கிறது.

ஹூப்மையரின் பிற்கால வாழ்வைப் படித்தால் இன்னும் வியப்பு உண்டாகும். அவர் நம் திருச்சபையை விட்டு, வளர்ந்தோருக்கே ஞானஸ்நானம் என்ற புதுக் கூட்டத்தின் தலைவரானார். 1524-இல், கொள்கை வேறுபாட்டுக்காக ஒருவரையும் எரிக்கலாகாது என்று நூலே எழுதினார். 1528 மார்ச் 10-இல் வியன்னாவில் அவரையே எரித்தார்கள். மூன்று நாள் கழித்து அவர் மனைவியை டான்யூபில் மூழ்கடித்தார்கள். ரேகன்ஸ்புர்க்கின் பாலத்தடியில் சுழித்து ஓடும் அதே நீர்தான் வியன்னாவுக்கும் போகிறது.

1995 முதல் 1998 வரை அச்சதுக்கத்தை அகழ்ந்தார்கள். செபக்கூடத்தின் அடித்தளமும் வீடுகளின் நிலவறைகளும் வெளிப்பட்டன. ஒளித்து வைத்திருந்த 624 பொற்காசுகளும் கிடைத்தன. இஸ்ரயேல் நாட்டுச் சிற்பி டானி கரவான், செபக்கூடம் இருந்த அளவிலேயே, அதே இடத்தில், வெண்ணிறக் கான்கிரீட்டால் தாழ்ந்த ஒரு தரைவடிவத்தை அமைத்தார். 2005-இல் திறந்தார்கள். வேலி இல்லை. காவலும் இல்லை. தூண்கள் நின்ற வட்டங்களின்மேல் மாணவர் அமர்ந்து ரொட்டி தின்கின்றனர். குழந்தைகள் தாவிக் குதிக்கின்றனர். முதலில் இது மரியாதைக் குறைவோ என்று எண்ணினோம். பிறகு, மக்கள் கூடி அமர வேண்டுமென்றே சிற்பி அதை அமைத்தார் என்று அறிந்தோம். 1938 நவம்பரில் எரிக்கப்பட்ட பிற்காலச் செபக்கூடம் இருந்த இடத்திலேயே, 2019 பிப்ரவரியில், துரத்தப்பட்டுச் சரியாக ஐந்நூறு ஆண்டு நிறைந்தபோது, யூதர் புதிய செபக்கூடத்தைத் திறந்தனர்.

இனி மற்றொரு பிரசங்கியாரைப் பற்றிச் சொல்லவேண்டும். நாம் பணியாற்றிய பங்கின் கோவிற்பிள்ளை 2017-இல் எண்பது வயதானவர். நாம் எழுதிய ஜெர்மன் மறையுரையைச் சனிக்கிழமைதோறும் வாங்கி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, உரக்கப் படிப்பார். எங்கே நா தடுக்குகிறதோ அங்கே பென்சிலால் ஒரு கோடு போடுவார். ஒருநாள் படித்து முடித்துவிட்டு, "நாளைக்கு வாருங்கள், சுவாமி, ஒரு பிரசங்கம் நடந்த இடத்தைக் காட்டுகிறேன்" என்றார். பேராலயத்துக்கு அழைத்துப் போவார் என்று எதிர்பார்த்தோம். அவர் அழைத்துச் சென்றது டாஹவ்பிளாட்ஸ் என்னும் சதுக்கத்துக்கு. பேருந்து நிற்குமிடமும் கார் நிறுத்தும் கட்டடமும் உள்ள, அழகில்லாத இடம்.

1945 ஏப்ரல் 23. அமெரிக்கப் படை நெருங்கிவிட்டது. போர் தோற்றுப்போனது எல்லோருக்கும் தெரியும். ஆனால் கடைசிக் கல் வரை நகரைக் காப்போம் என்று நாசி அதிகாரிகள் ஆணையிட்டிருந்தனர். அன்றுதான் கல்பாலத்தின் சில வளைவுகளைத் தம் படையே வெடிவைத்துத் தகர்த்தது. (அவ்வளவையும் திருப்பிக் கட்டி முடிக்க 1967 வரை ஆயிற்று.) அன்று மாலை இச்சதுக்கத்தில் மக்கள் கூடினர். பெரும்பாலும் பெண்கள், குழந்தைகளைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தவர்கள். நகரைச் சண்டையின்றி ஒப்படையுங்கள் என்று கூவினர். கூட்டம் கொதிக்கத் தொடங்கியது. அப்போது முன்னே வந்து பேசியவர் பேராலயப் பிரசங்கியார் யோகான் மையர். வயது 38. நாம் கலகம் செய்ய வரவில்லை, வேண்டிக்கொள்ளவே வந்திருக்கிறோம் என்ற கருத்தில் மக்களை அமைதிப்படுத்திப் பேசத் தொடங்கினார். சில வாக்கியங்களே பேசியிருப்பார். பேச்சு முடியுமுன் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்றிரவே விசாரணை, தீர்ப்பு. விடியுமுன் அதே சதுக்கத்தில் தூக்கிலிட்டார்கள். அவரோடு யோசேப் சிர்க்கல் என்ற எழுபது வயது முதியவரையும் தூக்கிலிட்டனர். மிகாயேல் லோட்னர் என்னும் ஓய்வுபெற்ற காவலரைச் சுட்டுக் கொன்று, அவர் உடலைத் தூக்குமரத்தடியில் கிடத்தினர்.

படை ஓரிரவில் தானாகவே நகரைவிட்டு நழுவியது. ஏப்ரல் 27-இல், சண்டையின்றியே, நகரம் அமெரிக்கரிடம் ஒப்படைக்கப்பட்டது. அம்மூவர் இறந்து மூன்றே நாள். அவர்கள் கேட்டது அப்படியே நடந்தது. கேட்டவர்கள் மட்டும் இல்லை. மையரின் பேச்சால்தான் நகரம் தப்பியது என்று சிலர் சொல்லுவதுண்டு. படைத்தலைவர்கள் அவருக்காகப் போகவில்லை, தம் வசதிக்காகவே போனார்கள். ஆகவே அப்படிச் சொல்லி அவருடைய மரணத்துக்குப் பயன் தேடத் தேவையில்லை என்பது நம் கருத்து.

கோவிற்பிள்ளைக்கு அன்று எட்டு வயது. அம்மா கையைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் நின்றாராம். "என்ன பேசினார் என்று எனக்கு நினைவில்லை. உயரம் குறைந்த பிள்ளை, பெண்களின் மேலங்கிகளைத்தான் பார்த்தேன். திடீரென்று எல்லோரும் ஓடினார்கள். மறுநாள் காலை அம்மா என்னை வெளியே விடவில்லை" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நாம் கணக்கிட்டுப் பார்த்தோம். இருவரும் ஒரே பேராலயத்தின் பிரசங்கியார்கள், ஒரே பொறுப்பு. நானூற்று இருபத்தாறு ஆண்டு இடைவெளி. பெயர்களிலும் ஒலி ஒற்றுமை. ஒருவர் பேசப் பேச மக்கள் திரண்டனர். பேசியதற்குக் கேடு அப்போது அவருக்கு நேரவில்லை, அடுத்த வீட்டுக்காரருக்கு நேர்ந்தது. மற்றவருக்குப் பேச்சை முடிக்கவும் இடம் தரவில்லை. முன்னவர் பேசியதெல்லாம் மக்கள் கேட்க விரும்பியது. பின்னவரும் மக்கள் கேட்க விரும்பியதைத்தானே பேசினார் என்று ஒருவர் கேட்கலாம். கேட்க விரும்பியது இருதரத்தும் உண்டு. ஆனால் பேசிய பின் யார் தலைமேல் அது விழுந்தது என்பதில்தான் வேறுபாடு. முப்பதாண்டுகளாக வாரந்தோறும் பீடத்தில் நின்று பேசிவரும் நமக்கு இந்தக் கணக்கு எளிதில் தீரவில்லை. அந்தச் சனிக்கிழமை எழுதியிருந்த மறையுரையை மறுபடி எடுத்துப் படித்தோம். கடன்காரர்களைப் பற்றி, ஒரு சிரிப்புக்காக, ஒரு வரி சேர்த்திருந்தோம். கோவிற்பிள்ளையின் பென்சில் அதைத் தொடவில்லை. மொழி சரியாகத்தான் இருந்தது. நாமே அடித்துவிட்டோம்.

2023-இல் அந்நகரின் முதியோர் இல்லமொன்றில் பணிபுரியும் நம் நாட்டுக் கன்னியர் இருவரோடு அச்சதுக்கத்துக்குச் சென்றோம். ஆறாண்டுகளாக அவ்வழியே பேருந்து ஏறுபவர்கள், அங்குள்ள நினைவுச்சின்னம் எதற்கு என்று கேட்டதில்லையாம். அம்மூவரின் பெயரையும் சொன்னோம். மூத்த சகோதரி, சிர்க்கல் என்ற பெயரை மட்டும் இரண்டு முறை கேட்டுத் திருத்திச் சொல்லிக்கொண்டார். அவர் கவனிப்பில் இருப்போரில் பலர் அந்த வயதினர்தாம். அதற்குள் பேருந்து வந்துவிட்டது. இருவருக்கும் இரவுப் பணி இருந்தது.